வண்டுக்குச் சம்பளம் இல்லை

இப்போதெல்லாம் சித்தியவானில் அறிவியல் விளக்கம் கிடைக்காத இடமே இல்லை. விடிந்தும் விடியாததுமாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மச்சான் கருந்துளையைப் பற்றி ஒரு குரல்பதிவு போடுகிறார். பதிவு பாதி ஓடுவதற்குள் ஈப்போவிலிருக்கும் சின்ன மாமியார் அதற்குக் கைகூப்பிவிடுகிறார். பாசார் மாலாமில் தண்ணீர் வடிகட்டி விற்கும் பையன் அயனி, மூலக்கூறு, குவாண்டம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து நூறு வெள்ளி கழிவும் தருகிறான். கம்போங் கோ பக்கம் கொம்பியா ரொட்டிக்கு வரிசையில் நின்றால், முன்னால் நிற்கிறவர் குடலில் வாழும் நல்ல கிருமிகளைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிவிட்டு, சுடச்சுட ஒரு டஜன் வாங்கிக்கொண்டு போகிறார்.

எனக்கு இவர்கள்மேல் கோபமில்லை, பொறாமைதான். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அத்தனை வருடத்தில் என் விளக்கத்தைக் கேட்டு ஒருவர்கூடக் கைகூப்பியதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது சித்தியவானுக்கும் ஆயர் தாவாருக்கும் நடுவே இருந்த ஒரு தோட்டத்தில். அங்கே விளக்கம் என்ற சரக்கே கிடையாது, உத்தரவு உண்டு. இருட்டோடு பெரட்டுக்களத்தில் ஆட்கள் நிற்பார்கள். கிராணி தாளைப் பார்த்துப் படிப்பார். மண்டோர் அதையே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்வார். அவ்வளவுதான், ஆராய்ச்சி நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஆராய்ச்சிக்குக் குறைச்சலில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1925-இல் சட்டம் போட்டு அமைத்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கோலாலம்பூரில் இருந்தது. ரப்பர் மரத்தைப் பற்றி உலகத்தில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அங்கேதான் எழுதிக் கேட்பார்கள். அவர்கள் ஒட்டுக்கட்டி உண்டாக்கிய மரங்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். செக்ரோலில் எங்களுக்கும் நம்பர்தான் என்பதால் அது யாருக்கும் விநோதமாகப் படவில்லை. ஐநூற்றொன்று பெருங்காற்றுக்கு ஒடியும், அறுநூறு பால் கொட்டும் ஆனால் கவட்டையில் இளஞ்சிவப்பாகப் பூஞ்சை பிடிக்கும் என்று அப்பா சொந்தக்காரர்களின் குணம் சொல்வதுபோலச் சொல்வார். எந்தப் புத்தகத்தையும் படித்துச் சொன்னதல்ல. அறுநூறு என்பது இன்று உலகம் முழுக்க நட்டிருக்கும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்று எனக்கே வாத்தியார் பயிற்சிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

எழுபதுகளில் ஒருநாள் "நாளையிலிருந்து பட்டையில மருந்து பூசணும்" என்றார்கள். பூசினார்கள். வெட்டி முடித்து வெகுநேரம் கழித்தும் பால் சொட்டிக்கொண்டே இருந்தது. என்ன மருந்து, ஏன் சொட்டுகிறது என்று யாரும் சொல்லவில்லை. எத்திபோன் என்பது அதன் பெயர். பட்டைக்குள் போய் எத்திலீன் வாயுவாக உடைகிறது. வெட்டிய பால்குழாயின் வாய் சீக்கிரம் அடைபடாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் பால் நிற்காமல் வருகிறது. அளவு மீறினால் மரம் வறண்டுபோகும். இந்த மாதிரிச் சங்கதிகளை எல்லாம் ஆராய்ச்சிக் கழகம் துரைமார்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு சஞ்சிகை போட்டு அழகாக விளக்கிக்கொண்டிருந்தது. கிராணி வீட்டுக்குப் பழைய இதழ்கள் வரும். நல்ல வழவழப்புத் தாள். ஆனாலும் வடையிலிருந்து எண்ணெயை நன்றாகவே இழுத்தது. மருந்து பூசிய மரத்தைப் பற்றி அப்பாவுக்கு இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: பால் கூடினால் ராத்தல் கணக்கு கூடுமா, அல்லது கணக்கின் விலையைக் குறைத்துவிடுவார்களா? இந்தக் கேள்வி அந்தச் சஞ்சிகையில் எந்த இதழிலும் வந்ததாகத் தெரியவில்லை.

செம்பனைக் கதை இதைவிடப் பெரியது.

ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். செம்பனையில் ஒரே மரத்தில் ஆண் பூவும் வரும், பெண் பூவும் வரும். ஆனால் சேர்ந்து வராது. கொஞ்ச காலம் ஆண் பூவாகவே வரும், அப்புறம் கொஞ்ச காலம் பெண் பூ. ஆகவே இந்த மரத்து மகரந்தம் இன்னொரு மரத்துப் பூவுக்குப் போய்ச் சேர வேண்டும். யார் கொண்டுபோவது? காற்று, என்று பாடப்புத்தகங்கள் சொல்லின. எங்கள் பக்கத்துக் காற்றை அறிந்தவர்கள் அந்தப் புத்தகங்களை எழுதவில்லை. மத்தியானத்துக்கு மேல் மழை கொட்டும். அதற்கு முன்பு ஓர் ஓலை அசையாது. இளம் மரங்களில் காய் பிடிக்காமல் குலைகள் பாதிக்குப் பாதி பதராகி அழுகும். காற்று செய்யாத வேலையை யாராவது செய்தாக வேண்டும். பெண்கள் செய்தார்கள். என் அம்மா அந்தக் கும்பலில் இருந்தார்.

லயத்தில் அதைப் பவுடர் வேலை என்பார்கள். ஆண் பூ விரியும் பக்குவத்தில் பையைக் கட்டி மூடி, வெட்டிக் கொண்டுவந்து, உலர்த்தி உதறிச் சலித்தால் மஞ்சளாகத் தூள் விழும். அதை டால்கம் பவுடரோடு கலந்து பிளாஸ்டிக் புட்டியில் நிரப்பி நீளக் குழாய் செருகியிருப்பார்கள். பெண் பூ மட்டைக்கும் தண்டுக்கும் நடுவே முள்ளுக்குள் உட்கார்ந்திருக்கும். கையை விட்டுப் பாளையின் நாரை விலக்கிப் பார்க்க வேண்டும். பூவின் நுனிகள் வெண்ணெய் நிறத்தில் விரிந்திருந்தால் புட்டியை ஓர் அமுக்கு. கருஞ்சிவப்பாகிவிட்டிருந்தால் காலம் தப்பிவிட்டது. அந்தப் பக்குவம் இரண்டு நாள்தான் நிற்கும். அதனால் போன மரத்துக்கே இரண்டு மூன்று நாளைக்கொரு தடவை திரும்பவும் போயாக வேண்டும். வேலை முடிந்து வரும்போது அம்மாவின் கண்ணிமை முதல் முந்தானை வரை வெள்ளையாகவும் மஞ்சளாகவும் இருக்கும். முழங்கையில் முள் கீறல்கள்.

"பாத்துத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னால மூக்கு சொல்லிரும்" என்பார் அம்மா. பக்குவமான பூவில் சோம்பு வாசம் அடிக்கும். ஆண் பூவில் இன்னும் தூக்கலாக. வாசம் எதற்கு? காற்றுக்கு மூக்கு உண்டா என்ன? வாசம் வீசும் பூ எதையோ கூப்பிடுகிறது என்பதை மல்லிகைக் கொடி வைத்திருக்கும் எவரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் பெரட்டுக்களத்தில் கேள்வி கேட்கும் வழக்கமில்லை. அப்புறம், வேறு யாரோ வந்து அந்த வேலையைச் செய்துவிடக்கூடும் என்று எடுத்துச் சொல்வதில் பவுடர் கும்பலுக்கு என்ன லாபம்?

அந்த வேறு யாரோ ஆப்பிரிக்காவில் இருந்தார். யூனிலீவர் நிறுவனத்தின் லெஸ்லி டேவிட்சன் காமரூனிலும் இங்கேயும் வேலை பார்த்தவர். அங்கே செம்பனைப் பூக்களில் மொய்த்துக் கிடந்த வண்டுகள் இங்கே ஒன்றுகூட இல்லையே என்று அவருக்கு உறுத்தல். காற்றுதான் காரணம் என்று சொன்ன நிபுணர்களை எல்லாம் மீறி, பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சயீதை எழுபதுகளின் கடைசியில் காமரூனுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார்கள். சயீத் பார்த்தார். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், மூக்கு நீண்ட பழுப்பு வண்டு. ஆண் பூவிலேயே முட்டையிட்டு, அதையே தின்று, அதிலேயே வளர்கிறது. பெண் பூவும் அதே சோம்பு வாசத்தை வீசி அதைக் கூப்பிடுகிறது. போனால் அங்கே தின்ன ஒன்றுமில்லை. ஏமாந்து திரும்புகிற வண்டு உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தத்தைப் போட்டுவிட்டு வருகிறது. கூலியே இல்லாமல் வேலை வாங்கும் வித்தையைத் தோட்டத்து நிர்வாகங்கள்தான் கண்டுபிடித்தன என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். செம்பனை அவர்களுக்கு மூத்தது.

வேறு பயிர்களைத் தின்றுவிடுமா என்று சோதித்துப் பார்த்துவிட்டு, 1981 பிப்ரவரியில் ஜொகூரில் குளுவாங் பக்கத்துத் தோட்டமொன்றில் வண்டை விட்டார்கள். பூவோடு வெட்டி எடுத்துத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் தீபகற்பம் முழுக்க அதன் ராச்சியம். எங்கள் தோட்டத்துக்கு அது வந்த நாள் எனக்கு நினைவில்லை. யாருக்குமே இருக்காது. ஒரு காலை பெரட்டில் "பவுடர் வேலை இல்ல" என்றார் மண்டோர். மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் யாரும் புட்டியைத் தேடவில்லை.

குலைகள் என்னவோ நெருக்கி நெருக்கிக் காய்த்துக் கனத்தன. அறிவியலின் வெற்றிதான், மறுக்க முடியாது. ஆனால் மரத்துக்கென்று ஒரு தெம்பு இருக்கிறதல்லவா? கனம் கூடக் கூட எண்ணிக்கை கொஞ்சம் குறைந்தது. எங்கள் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களுக்கு அப்போது குலைக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. தூக்குவது அதிகம், எண்ணுவது குறைவு. இதையும் யாரும் விளக்கவில்லை. இதற்கு விளக்கம் தேவைப்படவில்லை, தோளுக்கே புரிந்துவிட்டது.

வருடங்கள் கழித்து இந்த வண்டைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடித் தேடி வாசித்தேன். எல்லாரும் மெச்சுகிறார்கள். உயிரியல் முறையில் கிடைத்த மாபெரும் பலன் என்கிறார்கள். கைமகரந்தச் செலவு மிச்சமானதை லாபப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்த மிச்சம் எங்கள் வீட்டு அரிசி என்பதற்கு எந்தப் பக்கத்திலும் இடம் விடவில்லை.

அம்மா புல்லுக்கு மருந்து தெளிக்கும் கும்பலுக்கு மாற்றப்பட்டார். முதுகில் தொட்டி, கையில் குழாய், வாயில் ஒரு துணி. மருந்தின் பெயர் பாராகுவாட். டின்னில் மண்டையோட்டுப் படம் இருந்தது. அது திருடர்களுக்கு என்று பெண்கள் சிரித்துக்கொண்டார்கள். சில மாதங்களில் அம்மாவின் கைந்நகங்கள் குறுக்கே கோடு விழுந்து வெளுத்தன. பிறகு இரண்டு நகம் அடியோடு பெயர்ந்து வந்தன. மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டார். இந்த மருந்தைப் பற்றிய தெளிவான விளக்கம் ஒருவழியாக 2020 சனவரி முதல் தேதியன்று வந்தது: நாடு முழுக்கத் தடை. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இடையில் கூகை வந்த கதையையும் சொல்லாவிட்டால் அதற்குப் பாவம். ஆண் பூவுக்குள் வளரும் வண்டுப் புழு எலிக்கு நல்ல தீனி. எலி பெருகினால் பழத்தையும் விடாது. எலியைப் பிடிக்க வெண்கூகை. ஆகவே தோட்டத்துக்குள் கம்பம் நட்டு, மரப்பெட்டி அடித்து, அதில் கூகைக்குக் குடியிருப்பு கொடுத்தார்கள். லயத்தில் ஓட்டை ஓடு மாற்றச் சொல்லி மனு போட்டவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ராத்திரி அலறினால் சாவு என்று பாட்டிமார் நம்பிய பறவைக்கு நிர்வாகமே வீடு கட்டிக் கொடுத்ததற்கு ஒரு வரி விளக்கம் சொல்லியிருந்தால் மாரியம்மன் கோயிலில் அத்தனை எலுமிச்சம்பழம் செலவாகியிருக்காது.

நான் வாத்தியாரானதற்குக் காரணமே இதுதான் என்று ஓய்வுபெறும் விழாவில் சொன்னேன். உண்மையில் காரணம் மாதச் சம்பளம். இருந்தாலும் வகுப்பில் ஏன், எதற்கு என்று தொண்டை வறளச் சொல்லித்தான் பார்த்தேன். முதலில் தமிழில் சொன்னேன். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில்தான் என்றார்கள், மடிக்கணினியும் ஒளிவீச்சுப் பெட்டியும் தந்தார்கள், ஆங்கிலத்தில் சொன்னேன். 2009-இல் அது தவறு, பழையபடியே போகலாம் என்று முடிவானது. மறுபடி தமிழில் சொன்னேன். மொழி மாற மாறப் பிள்ளைகளின் கேள்வி மட்டும் மாறவே இல்லை: "சார், இது யு.பி.எஸ்.ஆர் பரீட்சையில வருமா?" எரிச்சலாக இருக்கும். இப்போது யோசித்தால், அப்பா ராத்தல் கணக்கைப் பற்றிக் கேட்டதும் இதே கேள்விதான்.

விளக்கம் மேலிருந்து மழையாகக் கொட்டிய முதல் அனுபவம் எங்கள் மாநிலத்துக்கு 1998 கடைசியில் வந்தது. ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் ஆட்கள் காய்ச்சல் கண்டு மூளை வீங்கிச் செத்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல், கொசுவால் வருவது என்றார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். வானொலி, பத்திரிகை, சுவரொட்டி எல்லாவற்றிலும் கொசு. சித்தியவான் சாப்பாட்டுக் கடையில் பன்றித் தீவன லாரி ஓட்டுகிற ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அதென்னய்யா, பன்னிக் கொட்டாய்க்குள்ள போறவனை மட்டும் ஆள் பாத்துக் கடிக்கிற கொசு? பக்கத்து வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஒண்ணுமில்லையே?" கடை சிரித்தது. படிக்காத மனுசன் கேள்வி என்று நானும் சிரித்தேன்.

கேள்வி அதுதான். ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைத்தான் பிடிக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றியைக் கையால் தொட்டு வேலை செய்த பெரிய ஆட்கள், தடுப்பூசி போட்டவர்கள் உட்பட. இது கொசு இல்லை என்று சந்தேகப்பட்ட மருத்துவர்கள் பிடித்துக்கொண்ட நூலும் அதுவே. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். நெகிரி செம்பிலானிலுள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைத் தாங்கி அது நிப்பா ஆனது. அதற்குள் நோய்கண்ட பன்றிகள் லாரியேறித் தெற்கே போய்விட்டிருந்தன. 265 பேர் நோய்ப்பட்டதில் 105 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ பத்து லட்சம் பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். பிறகு விளக்கம் இன்னொரு படி மேலே ஏறியது. கொசுவும் இல்லை, பன்றியும் ஆரம்பமில்லை, பழந்தின்னி வௌவால். கொட்டகைக்கு மேல் கிளை நீட்டிய மரத்தில் வௌவால் கடித்த பழம் கீழே விழ, பன்றி தின்றிருக்கிறது. சாப்பாட்டுக் கடையில் எல்லாரும் ஒருசேர அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தது அப்போதுதான். லாரிக்காரர் மட்டும் பார்க்கவில்லை. தீவனத்துக்கு ஆள் இல்லாமல் அவர் ஈப்போவுக்கு வேறு வேலை தேடிப் போயிருந்தார்.

சென்ற வருடம் எங்கள் தாமான் கோயில் மண்டபத்தில் ஓர் அறிவியல் சொற்பொழிவு. பேச வந்த பெண் ஆய்வு மாணவி. பாட்டி தாத்தா இந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள்தானாம். வரவேற்புரை ஆற்றிய என் மச்சான் கருந்துளையில் ஆரம்பித்து டி.என்.ஏ.-யில் முடித்ததில் அவளுக்கு இருந்த ஒரு மணி நேரத்தில் கால்வாசி கரைந்துவிட்டது. ஆனாலும் அசராமல் பேசினாள். நல்ல தமிழ், நல்ல படங்கள்.

வோல்பாக்கியா என்ற பாக்டீரியா. பூச்சி இனங்களில் பாதியளவுக்கு இயற்கையாகவே உள்ளே குடியிருக்கிறது. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டை கொசுவில் அது இயற்கையாகக் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் அதை ஏற்றிவிட்டால் கொசுவுக்குள் டெங்கிக் கிருமி பெருகச் சிரமப்படுகிறது. "வீட்டுல ஒரு கண்டிப்பான வாடகைக்காரர் முன்னாடியே இருக்கார், புதுசா வர்றவருக்கு அடுப்படி கிடைக்கல, அப்படி வச்சுக்குங்க" என்றாள். அந்தக் கொசுக்களை வெளியே விட்டால் அவை ஊர்க் கொசுக்களோடு கூடி, தலைமுறை தலைமுறையாகப் பாக்டீரியாவைப் பரப்பிவிடும். ஆஸ்திரேலியாவில் பயன்படுத்திய ரகம் கடும் வெக்கை தாங்காது. வெயிலில் கொதிக்கிற டப்பாத் தண்ணீரில் வளரும் புழுக்களில் அது குறைந்துபோகிறது. அதனால் இங்கே புலிக்கொசுவிலிருந்து எடுத்த, சூடு தாங்கும் வேறு ரகம். 2017-இலிருந்து சிலாங்கூரில் விட்டுப் பார்த்தார்கள். விட்ட இடங்களில் டெங்கி ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்தது என்று 2019-இல் கட்டுரை வந்தது.

இவ்வளவு தெளிவாக நான் ஒரு பாடமும் நடத்தியதில்லை. கைதட்டல். கேள்வி நேரம். முன்வரிசையில் முன்னிரைப் பாட்டி எழுந்தார். தோட்டத்தில் எப்போதும் முதல் நிரையைப் பிடித்துக்கொள்வார் என்பதால் அந்தப் பெயர். அம்மாவோடு பவுடர் கும்பலில் இருந்தவர்.

"கண்ணு, அந்தக் கொசு கடிக்குமா கடிக்காதா?"

"ஆண் கொசு கடிக்காது பாட்டி. பெண் கொசு கடிக்கும். ஆனா டெங்கி பரவுறது ரொம்பக் குறைஞ்சிரும்."

"அப்ப கடி உண்டு."

"உண்டு பாட்டி."

"அத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா. சரி, எம் பேரன் புகையடிக்கிற வேலைக்குப் போறான், நாள்கூலி. உன் கொசு வந்துட்டா அவனுக்கு என்ன வழி?"

மண்டபம் சிரித்தது. சிரிக்கும்போது என் வாய் பாதியில் நின்றது. லாரிக்காரர் நினைவுக்கு வந்துவிட்டார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கையிலிருந்த பொத்தானை அழுத்தினாள். அடுத்த படம் நன்றியுரை. திரும்பவும் அழுத்திப் பின்னால் போனாள். அதற்கான படம் அவளிடம் இல்லை.

மச்சான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டார். "அம்மா, அது பொருளாதாரம். இங்க நடக்கறது அறிவியல்."

"ஆமாய்யா" என்றார் பாட்டி. "வண்டு வந்தப்பவும் அது அறிவியல்தான்."

பாதிப் பேருக்கு என்ன வண்டு என்று புரியவில்லை. பின்வரிசையிலிருந்த நரைத்த தலைகள் மட்டும் மெதுவாகத் திரும்பி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அந்தப் பெண் ஒலிவாங்கியை வாங்கி, "டெங்கி குறைஞ்சா புகையும் குறையும் பாட்டி. வேலையும் குறையும். இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்ல" என்றாள். பிறகு குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள். ஆராய்ச்சி செய்கிற ஒருவர் எங்கள் ஆட்கள் சொன்னதை எழுதிக்கொண்டதை நான் பார்த்தது அப்போதுதான்.

சாப்பாட்டுப் பந்தியில் அவள் பாட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்ன வண்டு என்று கேட்டாள். பாட்டி சொல்ல ஆரம்பித்தார். பொரித்த நெத்திலியைக் குழாயாகவும் தண்ணீர்ப் போத்தலைப் புட்டியாகவும் பிடித்து, மட்டையை விலக்குவது எப்படி, முள் படாமல் கையை எடுப்பது எப்படி என்று செய்து காட்டினார். நடுவே அந்தப் பெண்ணே ஒரு செய்தி சொன்னாள். சரவாக்கில் கரிநிலத்தில் போட்ட புதுத் தோட்டங்களில் வண்டு இருந்தும் காய் சரியாகப் பிடிப்பதில்லையாம். சில இடங்களில் பழையபடி கையால் மகரந்தம் தூவிப் பார்க்கிறார்களாம். அவளுடைய தோழி ஒருத்தி அதைத்தான் ஆராய்கிறாள்.

"ஒரு பங்கு மகரந்தத்துக்கு எத்தனை பங்கு பவுடர் கலப்பீங்க பாட்டி?"

பத்து என்றார் பாட்டி. எதிரிலிருந்த இன்னொரு பாட்டி, பத்தெல்லாம் துரை இருக்கும்போது, அந்தாண்ட போனதும் இருபது, என்றார். மூன்றாமவர், பங்கு என்ன பங்கு, புட்டியைக் குலுக்கினா கைக்கே தெரியும் என்றார். வாக்குவாதம் முற்றிப் பாயசம் ஆறிப்போனது. அந்தப் பெண் கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு, "என் பிரண்டு கேட்டா ரொம்ப சந்தோசப்படுவா. நீங்க ஒரு தடவை நேர்ல வந்து சொல்லித் தருவீங்களா?" என்றாள்.

பாட்டி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"வரேன். நாளுக்கு எவ்வளவு? மழை பேஞ்சா அரைச் சம்பளமா, முழுச் சம்பளமா? அத மொதல்ல கேட்டுச் சொல்லச் சொல்லு."